பொறாட்டு மேடையிலிருந்து மறிமாயம் வரை: சித்தூர் எல்லையில் பெண்ணும் தொலைக்காட்சிச் சிரிப்பும்

கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ மீனாட்சிபுரத்திலோ ஒரு வீட்டில் விளக்கு வைத்த பிறகு டிவி ஓடினால், அது எந்த மொழியில் ஓடும் என்று வாசலில் நின்று சொல்லிவிட முடியாது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்த பாட்டிக்கு சன் டிவி வேண்டும். மலையாளப் பள்ளியில் படித்த பேத்திக்கு மழவில் மனோரமாவும் ஃப்ளவர்ஸும் வேண்டும். ரிமோட் கைமாறக் கைமாற இருவரும் இரண்டையும் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் சிரிக்கவும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சித்தூர் வட்டம் முன்பு கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பக்கத்திலிருந்த பாலக்காடோ மலபார் மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் அமைந்தபோது இரண்டும் ஒன்றாயின. கிழக்கே இருந்த கோவைச் சீமை வேறு மாநிலமானது. தெற்கே மலையேறினால் தேவிகுளமும் பீர்மேடும். அங்கும் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்கள் அதே ஆண்டு கேரளத்துக்குள் வந்தார்கள். கோடு போட்டதால் இந்த ஊர்களில் பேச்சு மாறிவிடவில்லை. இரு மொழித் தொலைக்காட்சி நகைச்சுவையையும் அன்றாடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கூட்டம் இங்கேதான் இருக்கிறது. ஒப்பிட்டு ஆராய இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

நகைச்சுவைத் தொடர்களில் பெண் எப்படி மாறினாள் என்று கேட்டால், வேலைக்குப் போகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், கணவனை மிரட்டுகிறாள் என்று பட்டியல் போடுவது வழக்கம். அந்தப் பட்டியல் எனக்குப் போதவில்லை. நான் வைத்துக்கொண்ட உரைகற்கள் இரண்டு. சிரிக்கவைக்கும் வரி யார் வாயில் வருகிறது? அவள் செய்யும் வேலை கதைக்குள் வருகிறதா, கதைக்கு வெளியே நின்றுவிடுகிறதா? இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எல்லைப் பகுதியின் கூத்து மேடையிலிருந்து தொடங்கிப் பார்த்தால், வளர்ச்சி என்று நாம் சொல்லிக்கொள்ளும் பாதையில் வந்து சேர்ந்ததோடு தொலைந்துபோனதும் உண்டு என்பது தெரிகிறது.

மேடையில் இருந்த உழைப்பாளி

பாலக்காட்டு நாட்டுப்புறங்களில் பொறாட்டு நாடகம் என்று ஒரு கூத்து உண்டு. பாணர் சமூகத்தினர் வழிவழியாக ஆடி வந்தது. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் இரவு முழுக்க நடக்கும். பாட்டிலும் பேச்சிலும் மலையாளமும் தமிழும் கலந்தே வரும். சித்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கலவையில் எந்த அதிசயமும் இல்லை. அவர்கள் வீட்டுப் பேச்சே அப்படித்தான்.

கூத்தின் கட்டமைப்பைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். தொடர்ந்து வரும் ஒரே கதை அதற்கில்லை. ஒவ்வொரு பாத்திரமாக அரங்குக்குள் வரும். தாசி வருவாள், துணி வெளுக்கும் மண்ணாத்தி வருவாள், குறத்தி வருவாள், வயலில் வேலை செய்யும் செறுமி வருவாள். ஒவ்வொருத்தியும் வந்ததும் சோத்தியக்காரன் என்ற கோமாளி அவளை மறித்துக் கேள்வி கேட்பான். நீ யார், எந்த ஊர், என்ன வேலை, புருஷன் எங்கே, இந்த நேரத்தில் எங்கே கிளம்பினாய்? அவள் பதில் சொல்வாள். பதிலில் குத்தல் இருக்கும், இரட்டை அர்த்தம் இருக்கும், ஊர்ப் பெரிய மனிதர்களின் மீது சாடை இருக்கும். கேட்டவனே வாயடைத்து நிற்பதும் உண்டு. கூட்டம் சிரிப்பது அவளுடைய பதிலுக்கு.

இந்த வேடங்கள் எல்லாவற்றையும் போட்டவர்கள் ஆண்கள். மேடையில் பெண் கிடையாது. சாதியை வைத்துச் சிரிக்கவைக்கும் கொடுமையும் இந்தக் கூத்தில் உண்டு. அதை மறைத்து இந்தக் கலையைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் ஒரு செய்தி கவனத்துக்குரியது. அங்கே வந்த பெண் பாத்திரம் அறிமுகமானதே அவள் செய்த வேலையை வைத்துத்தான். துணி மூட்டை, அரிவாள், கூடை என்று உழைப்பின் அடையாளம் அவளோடு அரங்குக்குள் வந்தது. கேள்வியும் பதிலும் அந்த உழைப்பைச் சுற்றியே நடந்தன. யாருடைய மனைவி என்பது இரண்டாவது கேள்விதான்.

பின்னால் வந்த தொலைக்காட்சி இந்த வரிசையைத் தலைகீழாக்கியது.

ஜானகிகளின் காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து மலையாள ஒளிபரப்பு வர 1985 ஆயிற்று. கொடைக்கானல் மலை மீது அலைபரப்பி வந்த பிறகு, எல்லைக்கு இந்தப் புறத்திலும் கூரைமேல் ஆன்டெனாவை மலைப் பக்கம் திருப்பிவைத்துச் சென்னை நிகழ்ச்சிகளைப் பார்த்தார்கள். பத்து வீட்டுக்கு ஒரு டிவி இருந்த காலம். செவ்வாய்க்கிழமை நாடகத்துக்கும் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சிக்கும் ஊரே ஒரு கூடத்தில் கூடும்.

அந்த நாடகங்களின் நகைச்சுவை சென்னை சபாக்களிலிருந்து நேராக வந்தது. காத்தாடி ராமமூர்த்தி, மௌலி, எஸ். வி. சேகர், கிரேஸி மோகன் ஆகியோர் மயிலாப்பூர், மாம்பலம் ரசிகர்களுக்காக எழுதி, நடித்து, கூர்தீட்டிய சிரிப்பு அது. வார்த்தை விளையாட்டு, ஆள்மாறாட்டக் குழப்பம், மாமனாரை ஏமாற்றும் மாப்பிள்ளை. கிரேஸி மோகனின் நாயகிகள் அனைவரும் ஜானகி என்ற ஒரே பெயரில் வந்தார்கள். பள்ளியில் தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் நினைவாக வைத்த பெயர் என்பது அவர் பலமுறை சொன்ன செய்தி. மரியாதை உண்மையானது. ஆனால் நாடகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெயரைப் போலவே ஜானகியின் வேலையும் பெரிதாக மாறவில்லை என்பது தெரியும். மாது புளுகுவான், சீனு குழப்புவான், ஜானகி திகைப்பாள். ஒருத்தர் திகைத்து நின்றால்தான் சிரிப்பு எடுபடும் என்பது மேடைத் தொழில் தெரிந்தவர்கள் அறிந்தது. திகைக்கும் பொறுப்பு ஏனோ எப்போதும் அவள் தலையில் விழுந்தது.

சபாக்களுக்கு வெளியே, சினிமாவில், நிலைமை இப்படி ஒரேயடியாக இல்லை. நடிகை மனோரமா திகைக்க வந்தவர் இல்லை, திகைக்க வைக்க வந்தவர். கோவை சரளாவை இந்த எல்லை ஊர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே பார்த்தன. 1995-இல் வந்த ‘சதிலீலாவதி’யில் கமல்ஹாசனுக்கு மனைவியாக அவர் பேசிய கொங்குத் தமிழ், எருத்தேம்பதியிலும் வடகரப்பதியிலும் கிணற்றடியில் கேட்கும் தமிழுக்குப் பக்கத்துப் பேச்சு. அந்தப் பேச்சுக்குத் தொலைக்காட்சியில் இடம் கிடைக்க இன்னும் காலம் ஆனது.

1993: இரண்டு அலைவரிசைகள், ஒரு தயாரிப்பாளர்

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏஷியாநெட் வந்தது. நான்கு மாத இடைவெளியில் சித்தூர் வீடுகளுக்கு இரு மொழியிலும் தனியார் தொலைக்காட்சி கிடைத்துவிட்டது.

இங்கே இரு மொழிகளின் பாதையும் பிரிகிறது. மலையாளத்தில் நகைச்சுவை சபா நாடகத்திலிருந்து வரவில்லை, மிமிக்ரியிலிருந்து வந்தது. 1981-இல் கொச்சி கலாபவன் மேடையேற்றிய ‘மிமிக்ஸ் பரேட்’ ஆறு இளைஞர்களின் நிகழ்ச்சி. சித்திக்கும் லாலும் அவர்களில் இருவர். கோயில் திருவிழா, பள்ளிவாசல் நேர்ச்சை, தேவாலயப் பெருநாள் என்று கேரளம் முழுக்கச் சுற்றிய அந்தக் குழுக்களில் பெண்கள் அபூர்வம். இரவு நிகழ்ச்சி, வேன் பயணம், விடியற்காலையில் வீடு திரும்புதல் என்ற தொழில் முறையே பெண்களுக்குக் கதவைச் சாத்தியது. திறமை இல்லாததால் அவர்கள் வராமலிருக்கவில்லை.

ஏஷியாநெட் தொடங்கிய ஆண்டிலேயே வந்த ‘சினிமாலா’ அந்தக் கதவைச் சற்றுத் திறந்தது. திரைப்படங்களையும் அரசியல்வாதிகளையும் கிண்டலடித்து இருபது ஆண்டுகளை ஒட்டி ஓடிய இந்த வார நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் டயானா சில்வெஸ்டர் என்ற பெண். நகைச்சுவை ஆண்களின் கோட்டையாக இருந்த காலத்தில், எந்தத் துணுக்கு நிற்கும், எது வெட்டுப்படும் என்று தீர்மானிக்கும் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தெஸ்னி கானும் சுபி சுரேஷும் அங்கே பெயர் பெற்றார்கள். சுபி நடனக் கலைஞராகத் தொடங்கி, நகைச்சுவைக்கு வந்து, ஆண் நடிகர்களுக்கு ஈடுகொடுத்து உடனுக்குடன் பதிலடி தருபவராக வளர்ந்தவர். 2023 பிப்ரவரியில் காலமானபோது கேரளம் முழுவதும் வருந்தியது.

அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடர் இங்கே நினைவுக்கு வரும். கதைக்குள் லூசி கணவன் பேச்சை மீறி மேடையேறத் துடித்து, ஒவ்வொரு வாரமும் தோற்று, வீட்டுக்குத் திரும்பும் இல்லத்தரசி. கதைக்கு வெளியே லூசில் பால் அந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் பங்குதாரர். 1962-இல் அதன் தலைவரும் ஆனார். திரையில் தெரியும் பெண்ணை மட்டும் வைத்து ஒரு காலத்தை எடைபோட்டால் பாதி உண்மை கைநழுவிப் போகும். சினிமாலாவுக்கும் இது பொருந்தும். அதன் துணுக்குகளில் பல, பெண்களை மட்டம் தட்டியவைதான். நிகழ்ச்சியை நடத்தியதோ ஒரு பெண்.

தமிழில் இதே காலத்தில் பெண் தயாரிப்பாளர்கள் பெருகினார்கள், வேறு திசையில். ராதிகாவின் ‘சித்தி’ 1999-இல் தொடங்கியதும் இரவு நேரத் தொடரின் இலக்கணமே மாறியது. பெண்ணின் துன்பம் சந்தைக்கு வந்தது. அதைத் தயாரித்து விற்றதும் பெண். நகைச்சுவை மட்டும் ஆண்களின் கையிலேயே தங்கிவிட்டது. அழவைக்கும் உரிமை பெண்ணுக்கு எளிதில் கிடைத்தது, சிரிக்கவைக்கும் உரிமை கிடைக்கவில்லை. இந்தப் பிரிவினை எப்படி உண்டாயிற்று என்று தமிழ்த் தொலைக்காட்சி ஆய்வுகள் இன்னும் ஆழமாகக் கேட்க வேண்டும்.

விதிவிலக்குகள் இருந்தன. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’யில் கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. யாரை அழைத்தாலும் இருவரும் திரும்பிப் பார்க்க வேண்டிய வீடு. கணவன் பெயரை மனைவி சொல்லக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை அந்தத் தொடரைக் கண்கொட்டாமல் பார்த்தது. இரண்டாம் பாகத்தில் மனைவி ரமணியாக வந்த தேவதர்ஷினி, கணவனாக வந்த ராம்ஜிக்கு ஒரு வரிகூட விட்டுக்கொடுக்காமல் நடித்தார். ஜானகி திகைத்தாள், இந்த ரமணி திருப்பிக் கொடுத்தாள். பத்தாண்டு கடந்து ‘காஞ்சனா’வில் கோவை சரளாவோடு சேர்ந்து தேவதர்ஷினி திரையரங்கைக் குலுக்கியதற்கு விதை அந்தச் சின்னத்திரை வீட்டில் போட்டது.

சன் டிவியின் ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ வேறு ரகம். ஸ்ரீப்ரியாவும் நிரோஷாவும் ஒரே குடும்பத்துக்குள் முட்டிக்கொள்ளும் இரு பெண்களாக வந்தார்கள். காது சரியாகக் கேட்காத பட்டாபியாக எம். எஸ். பாஸ்கர் நடுவில் அகப்பட்டுக்கொண்டு விழிப்பார். ஆண் திகைக்க, பெண்கள் சிரிப்பை நடத்திய தொடர் என்பதில் ஐயமில்லை. முதல் உரைகல்லில் அது தேறிவிடுகிறது. இரண்டாவதில் தேறவில்லை: அந்தப் பெண்களின் மொத்த அறிவும் ஒருத்தியை ஒருத்தி கவிழ்ப்பதற்கே செலவாயிற்று. வாசல்படிக்கு வெளியே உலகம் இருப்பதாக அந்த வீட்டுக்குத் தெரியவே தெரியாது.

புடவை கட்டிய ஆண்கள்

2003-இல் விஜய் டிவியில் வந்த ‘லொள்ளு சபா’, 2005-இல் தொடங்கிய ‘கலக்கப் போவது யாரு’, 2009-இல் வந்த ‘அது இது எது’ ஆகியவை தமிழ் நகைச்சுவையை வீட்டுக் கூடத்திலிருந்து மேடைக்கு நகர்த்தின. ஊர் ஊராக இருந்து வந்த இளைஞர்கள், சபா பின்னணி ஏதும் இல்லாதவர்கள், தங்கள் வட்டார மொழியிலேயே பேசி வென்றார்கள். மதுரைத் தமிழும் கோவைத் தமிழும் கூச்சமின்றி ஒலித்தன. எல்லைப்புற வீடுகள் இந்த நிகழ்ச்சிகளோடு ஒட்டிக்கொண்டதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

மேடை விரிந்தது, பெண்ணுக்கு இடம் விரியவில்லை. பெண் பாத்திரம் வேண்டியபோது ஆண்கள் புடவை கட்டினார்கள். ‘சிரிச்சா போச்சு’ பகுதியில் ராமர் முதலியோர் போட்ட பெண் வேடங்கள் பெரும் புகழ் பெற்றன. ‘சொல்வதெல்லாம் உண்மை’ நிகழ்ச்சியை நடத்திய லட்சுமி ராமகிருஷ்ணனைப் பகடி செய்த “என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா” தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைகள் வரை பரவியது. குடும்பச் சண்டைகளை விசாரிக்கும் ஒரு பெண்ணின் அதிகாரக் குரலே இங்கே கேலிக்குரியதாயிற்று. அந்த நிகழ்ச்சியின் மீது எனக்கும் விமர்சனங்கள் உண்டு. ஏழைகளின் அந்தரங்கத்தை அரங்கேற்றியது பெருந்தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் பகடி அந்தத் தவறைத் தொடவில்லை. ஒரு பெண் கேள்வி கேட்கும் தோரணையைத்தான் தொட்டது.

பொறாட்டிலும் ஆண்தானே பெண் வேடம் போட்டான், இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். பொறாட்டின் செறுமிக்கும் மண்ணாத்திக்கும் ஒரு வேலை இருந்தது, சொல்ல ஒரு பதில் இருந்தது. ரியாலிட்டி மேடையின் புடவை வேடத்துக்கு உருண்டு விழும் உடம்பும் கீச்சுக் குரலும்தான் இருந்தன. கூத்து மேடையில் பெண்கள் ஏற முடியாத சமூகத் தடை இருந்தது. 2009-இல் சென்னையில் ஒரு தொலைக்காட்சி அரங்குக்குள் அப்படித் தடை எதுவும் இல்லை.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

2011 நவம்பரில் மழவில் மனோரமா அலைவரிசையில் ‘மறிமாயம்’ தொடங்கியது. பெண்ணும் நகைச்சுவையும் என்ற பொருளில் தென்னிந்தியத் தொலைக்காட்சியில் நிகழ்ந்த பெரிய திருப்பம் இதுதான் என்பது என் முடிவு. அதற்கு அந்தத் தொடர் பெண்களைப் பற்றியது என்பது காரணமில்லை. அது அரசு அலுவலகங்களைப் பற்றியது.

கிராம அலுவலகம், பஞ்சாயத்து, மின்வாரியம், அரசு மருத்துவமனை என்று வாரம் ஒரு இடம். மனுவோடு ஒருவர் வருவார். ‘இந்த செக்‌ஷன் இல்லை, அந்த செக்‌ஷன்’ என்பார்கள். அந்த செக்‌ஷனில் ஆள் லீவு. மறுநாள் வந்தால் ஒரு சான்றிதழ் குறையும். அதை வாங்கிவந்தால் பழைய மனு காலாவதி. அதே நடிகர்கள் வாரத்துக்கு வாரம் வெவ்வேறு நாற்காலியில் உட்காருவார்கள். ரசனா நாராயணன்குட்டியின் வத்சலா, சினேகா ஸ்ரீகுமாரின் மண்டோதரி, மஞ்சு பத்ரோஸின் பாத்திரங்கள் சில வாரம் கோப்பை நகர்த்தாத எழுத்தர், சில வாரம் கையொப்பம் போட மறுக்கும் அதிகாரி, சில வாரம் அலைக்கழிக்கப்படும் மனுதாரர். பட்டாம்பிக்காரரான மணிகண்டன் பட்டாம்பியின் சத்தியசீலனும் அதே சுழலில் சுற்றுவார்.

இதில் ஒரு பெண் சிரிப்புக்கு இலக்காகும்போது, அவள் மனைவி என்பதாலோ குண்டு என்பதாலோ கறுப்பு என்பதாலோ இலக்காவதில்லை. அவள் அமர்ந்திருக்கும் நாற்காலியின் அழிச்சாட்டியம்தான் அடிபடுகிறது. சோம்பலும் லஞ்சமும் அகங்காரமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிசமமாகப் பங்கு வைக்கப்படுகின்றன. குறைகளிலும் சமத்துவம் கிடைப்பது சிறிய விஷயமில்லை. உத்தமியாகவோ சூர்ப்பணகையாகவோ மட்டும் பெண்ணைக் காட்டிப் பழகிய திரைக்கு, வெறும் சோம்பேறி எழுத்தராக ஒரு பெண்ணைக் காட்டத் தெரிந்தது அன்றுதான்.

இது எங்கிருந்து வந்தது? 1998 மே மாதம் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி இயக்கம் பஞ்சாயத்து அலுவலகத்தின் படிகளில் பெண்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றியது. 2009-இல் கேரளம் உள்ளாட்சியில் பெண்களுக்கான இடத்தைப் பாதியாக உயர்த்தியது; 2010 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. மறிமாயம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. கவுண்டருக்கு இரு பக்கமும் பெண்கள் இருப்பது அதற்குள் கேரளத்தில் அன்றாடக் காட்சியாகிவிட்டது. தொடர் அதை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அந்தப் பாதிப் பங்கு சட்டமானது 2016-இல். தமிழ்த் தொலைக்காட்சியில் மறிமாயத்துக்கு நிகராக ஒரு தொடர் வராததற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அரசை வாரந்தோறும் கேலி செய்யத் தமிழ் அலைவரிசைகளுக்கு அரசியல் சார்பு இடங்கொடுக்கவில்லை என்பது பெரிய காரணம்.

மலையாளக் குடும்ப நகைச்சுவையும் இதே காலத்தில் செழித்தது. ‘தட்டீம் முட்டீம்’ தொடரில் கே.பி.ஏ.சி. லலிதாவின் மாயாவதியம்மாவும் மஞ்சு பிள்ளையின் மோகனவல்லியும் மாமியார் மருமகள். சண்டை பழைய சண்டைதான்; லலிதாவின் நடிப்பு அதைப் புதிதாக்கியது. கொடுமைக்கார மாமியாராக அவர் வரவில்லை, பிடிவாதமும் ஆசையும் பயமும் உள்ள முதியவளாக வந்தார். மீடியா ஒன்னின் ‘எம்80 மூசா’ கோழிக்கோட்டு மீன் வியாபாரியின் வீட்டைக் காட்டியது. பாத்துவாக வந்த சுரபி லட்சுமி அந்த வட்டார மொழியைச் சிறிதும் சிதைக்காமல் பேசினார். சில ஆண்டுகளில் ‘மின்னாமினுங்கு’ படத்துக்காகத் தேசிய விருதும் பெற்றார். உழைக்கும் குடும்பம் ஒன்று நகைச்சுவைக்குள் வந்தது மகிழ்ச்சிதான். உழைப்பு மட்டும் வண்டியேறி வெளியே போகும் மூசாவுடையது; பாத்து வீட்டில்.

இங்கே ஒரு புள்ளிவிவரம் உதவும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் பெண்களின் எழுத்தறிவு 92 விழுக்காடு. வேலையில் இருக்கும் பெண்கள் 18 விழுக்காடு. தமிழ்நாட்டில் எழுத்தறிவு 73. வேலையில் இருப்போர் ஏறக்குறைய 32. படித்தும் வீட்டில் இருக்கும் பெண்களின் பெருங்கூட்டம் மலையாளக் குடும்ப நகைச்சுவையின் பார்வையாளரும் ஆயிற்று, பாத்திரமும் ஆயிற்று. வயலுக்கும் மில்லுக்கும் போகும் பெண்கள் தமிழ்நாட்டில் கூடுதல். ஆனால் அவர்களைத் தமிழ் நகைச்சுவை கண்டுகொள்ளவே இல்லை. இரு மாநிலமும் தொடும் சித்தூர் வட்டத்தில் முதலமடை மாந்தோப்புகளில் காய் தரம் பிரிக்கும் பெண்கள் இரண்டு திரையிலும் இல்லை.

2015

2015 டிசம்பரில் ஃப்ளவர்ஸ் டிவியில் ‘உப்பும் முளகும்’ தொடங்கியது. பாலுவும் நீலுவும் பிள்ளைகளும். கதை என்று பெரிதாக எதுவும் இராது; வீட்டில் நடக்கும் அற்ப விஷயம் ஒன்று வளர்ந்து ரகளையாகும். நிஷா சாரங்கின் நீலு களைத்துப்போவாள், கத்துவாள், சிரிப்பாள், மறுபடியும் களைத்துப்போவாள். தாயின் களைப்பை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய நகைச்சுவைத் தொடர் அதற்கு முன் இருந்ததாகத் தெரியவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் வீடுகளும் அதைப் பார்த்தன.

2018 ஜூலையில் அந்த நடிகை தொடரின் இயக்குநர் தன்னைத் தொல்லை செய்வதாகப் பொதுவில் புகார் சொன்னார். மகளிர் ஆணையம் வழக்குப் பதிவு செய்தது. ரசிகர்கள் நீலு இல்லாமல் தொடர் வேண்டாம் என்று அவர் பின்னால் நின்றார்கள். தொடருக்குள் குடும்பத்தைத் தாங்கிய பெண், படப்பிடிப்புத் தளத்தில் தன் மரியாதைக்காகத் தனியே போராட வேண்டியிருந்தது. நகைச்சுவை சமூக மாற்றத்தைக் காட்டுகிறதா என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

தமிழில் இதே ஆண்டுகளில் அறந்தாங்கி நிஷா ‘கலக்கப் போவது யாரு’ மேடையில் வந்தார். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். ஆண்கள் புடவை கட்டி ஆடிய அதே மேடையில் உண்மையான பெண் ஒருத்தி மைக் பிடித்துக் கூட்டத்தை ஆட்டிவைத்தது பெரிய செய்தி. அவர் கொடுத்த விலையும் பெரியது. தன் நிறத்தையும் உடம்பையும் தானே முதலில் கேலி செய்தால்தான் மற்றதைப் பேச மேடை அனுமதித்தது. நிஷாவின் சாமர்த்தியத்தை நான் மதிக்கிறேன். அந்த நுழைவுக் கட்டணத்தை வசூலித்த மேடையை மன்னிக்க முடியவில்லை.

2019 நவம்பரில் வந்த ‘குக்கு வித் கோமாளி’ நிலைமையைக் கொஞ்சம் புரட்டிப்போட்டது. கோமாளிகளாக மணிமேகலையும் சிவாங்கியும் புகழ், பாலாவோடு சரிக்குச் சரி நின்றார்கள். சிவாங்கியின் தாய் கேரளத்திலிருந்து வந்த பாடகி பின்னி கிருஷ்ணகுமார். அசடு வழிவதும் தடுக்கி விழுவதும் ஆணின் தனியுரிமையாக இருந்த இடத்தில் இளம்பெண்கள் அச்சமின்றி அசடு வழிந்தார்கள். நடந்த இடம் சமையலறை. பெண்ணின் கடமைக் களமாக நூறு தொடர்கள் காட்டிய அடுப்படி, யார் வேண்டுமானாலும் வெங்காயம் நறுக்கத் தெரியாமல் திண்டாடும் விளையாட்டுக் களமாயிற்று. கருத்து எதையும் சொல்லாமலே அது செய்த வேலை பல சமூகத் தொடர்கள் செய்ததைவிட அதிகம்.

இரு திரையிலும் அடுத்த வீட்டுக்காரி

எல்லைப் பெண் எங்கே என்ற கேள்விக்கு இப்போது வரலாம். இரு மொழியிலும் அவள் இருக்கிறாள், வேற்றாளாக. மலையாள நகைச்சுவைத் துணுக்குகளில் தமிழ்ப் பெண் என்றால் தலை நிறையப் பூ, மூக்குத்தி, வீட்டு வேலைக்காரி அல்லது தெருவில் கூவி விற்பவள். தமிழ் நகைச்சுவையில் மலையாளப் பெண் என்றால் டீக்கடைச் சேச்சி அல்லது நர்ஸ்; ஆண்கள் வழிவதற்காகவே படைக்கப்பட்டவள். வீட்டில் அம்மாவை ‘அம்மா’ என்றும் பள்ளித் தோழியின் அக்காவை ‘சேச்சி’ என்றும் கூப்பிட்டு வளரும் சித்தூர்ப் பெண்ணுக்கு இந்த இரண்டுமே தன்னைச் சேர்ந்தவர்கள் மீது விழும் அடி. ஒரே மாலையில், அரை மணி இடைவெளியில், இரண்டு பக்கத்திலிருந்தும் விழுகிறது.

இந்த எல்லைப் பெண்களுக்கு நகைச்சுவை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் 2002 ஏப்ரலில் கோகோ கோலா ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்த பழங்குடிப் பெண்கள், மயிலம்மாவின் தலைமையில், உலகின் பெரிய கம்பெனி ஒன்றை 2004-இல் உற்பத்தியை நிறுத்த வைத்தார்கள். செய்தியாளர்களின் கேமராவுக்கு முன்னால் அவர்கள் பேசிய பேச்சில் கோபத்தோடு கிண்டலும் இருந்தது.

மூணாறில் நடந்தது இன்னும் துலக்கமானது. 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்துத் தோட்டத் தொழிலாளப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை, ஆண்களை, பந்தலுக்குள் சேர்க்கவில்லை. அவர்கள் போட்ட முழக்கங்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: கொழுந்துக் கூடை சுமப்பவர்களையும் பணமூட்டை சுமப்பவர்களையும் எதிரெதிரே நிறுத்தி, தமிழும் மலையாளமும் பிசைந்து, தலைவர்களின் குளிர்சாதன அறைகளைக் குத்திக்காட்டி, ஒரு கூட்டம் கேட்க இன்னொரு கூட்டம் பதில் சொல்லும் கேள்வி-பதில் அது. பொறாட்டில் சோத்தியக்காரன் கேட்க, கூடையோடு வந்தவள் பதில் சொன்ன அதே அமைப்பு. இந்தத் தடவை வேடம் இல்லை. கூடை அவளுடையது, குரலும் அவளுடையது. பகல் முழுக்க மலையாளச் செய்தி அலைவரிசைகளும் தமிழ்ச் செய்தி அலைவரிசைகளும் அதை நேரலையில் காட்டின. ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் 20 விழுக்காடு கிடைத்தது.

அந்த ஆண்டில் எல்லைத் தமிழ்ப் பெண்கள் தொலைக்காட்சியில் சொன்ன மிகக் கூர்மையான நகைச்சுவை வரிகள் செய்தியில்தான் வந்தன. மூன்று மாதம் கழித்து உப்பும் முளகும் தொடங்கியபோது அந்தக் குரலின் நிழல்கூட எந்தப் பொழுதுபோக்கு நிகழ்ச்சியிலும் இல்லை. பெம்பிளை ஒருமை அதே ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களில் வென்றது. கொழுந்து பறித்த பெண்கள் பஞ்சாயத்து மேசைக்கு அந்தப் பக்கம், கோப்புகளின் நடுவே, உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள். மனு வரும், சான்றிதழ் குறையும், மலையாளத்தில் எழுதிய கோப்பைத் தமிழில் வாசித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கும். மறிமாயம் தன் வாராந்தரக் கதைகளை எடுத்துக்கொண்ட அறை அதேதான். நான் பார்த்தவரை, இரு மொழியிலும் எந்த நகைச்சுவைத் தொடரும் அந்த அறைக்குள் அந்தப் பெண்களோடு இன்னும் நுழையவில்லை.